குழந்தைக்கு இன்ஹேலர் கொடுத்தால் பழகிவிடுமா?

மூன்று வயது மகனுக்கு ஆஸ்துமா. டாக்டர் இன்ஹேலர் எழுதியிருக்கிறார், மாமியாரோ 'பழகிடும், சிரப்பே போதும்' என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழகாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்புடமால் சிரப் 5 மில்லியில் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போகும். இன்ஹேலரின் ஒரு பஃப்பில் வெறும் 100 மைக்ரோகிராம், அதுவும் நேராக மூச்சுக்குழாய்க்கு.

பல வீடுகளில் கோட்டை விடுவது வேறிடத்தில். சால்புடமால் திணறும்போது கொடுப்பது. புடசோனைடு மாதிரி தடுப்பு மருந்தை, இருமலே இல்லாவிட்டாலும் டாக்டர் சொல்லும்வரை தினமும் கொடுக்க வேண்டும். 'நல்லாத்தானே இருக்கான்' என்று நாமாக நிறுத்தக் கூடாது.

இன்ஹேலரில் பொருத்தும் குழாயான ஸ்பேசரின் மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கட்டும். குலுக்கி ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு, அப்புறம் அடுத்தது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் நிலைமின்சாரத்தில் மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம்.

விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், சால்புடமாலைக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.