தேவன் நாயர்: பங்சார் முதல் அன்சன் வரை (கேள்வி பதில்)

தொழிற்சங்கக் கிளையில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிங்கப்பூரின் முன்னாள் அதிபரும் தொழிற்சங்கத் தலைவருமான தேவன் நாயரைப் பற்றிக் கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, அவர் தமிழரா?

மலையாளி. 1923இல் மலாக்காவில் பிறந்து, சிங்கப்பூரில் வளர்ந்து, ஆசிரியரானவர். 1949இல் ஆசிரியர் சங்கச் செயலாளர். 1951, 1956 என்று இரண்டு முறை விசாரணையில்லாமல் உள்ளே வைத்தார்கள். 1959இல் சிங்கப்பூரில் அவருடைய மக்கள் செயல் கட்சி ஜெயித்த பிறகுதான் வெளியே வந்தார்.

கேள்வி: சிங்கப்பூர்க்காரர் எப்படி மலேசியாவில் எம்பி ஆனார்?

அப்போது இரண்டும் ஒரே நாடு, தம்பி. 1964 தேர்தலில் கட்சி மலாய்த் தீபகற்பத்திலும் ஆள் நிறுத்தியது. கரையேறியவர் இவர் ஒருவர்தான், அதுவும் கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் 808 வாக்கில். தோற்றவர் யார் என்று பாருங்கள்: வி. டேவிட். அவரும் தொழிற்சங்கக்காரர், பின்னாளில் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் பொதுச் செயலாளர். பங்சாரில் அவரைச் சாய்க்க இன்னொரு சங்கத்து ஆள்தான் தேவைப்பட்டது என்பது என் எண்ணம். 1965இல் பிரிந்த பிறகும் நாயர் அங்கேயே தங்கினார். அங்கிருந்த கட்சிக் கிளைதான் ஜனநாயக செயல் கட்சியாக மாறியது. அதன் முதல் பொதுச் செயலாளரும் இவரே. 1969இல் என்டியுசியை, அதாவது தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை, நடத்த இங்கே சிங்கப்பூருக்குத் திரும்பினார்.

கேள்வி: ஃபேர்பிரைஸுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

1969 நவம்பரில் என்டியுசி ஒரு கருத்தரங்கு நடத்தியது. வேலைநிறுத்தம் செய்வதோடு நிற்காமல் கூட்டுறவும் நடத்துவோம் என்று அங்கே முடிவானது. 1970இல் இன்கம் காப்புறுதியும் கம்ஃபர்ட் டாக்சியும் வந்தன. 1973இல் தோ பாயோவில் 'வெல்கம்' பேரங்காடி திறந்தது, இன்றைய ஃபேர்பிரைஸின் மூலம் அதுதான். விலைவாசி எகிறிய வருடம் அது. என் அம்மா மளிகைக் கடைக்காரரிடம் "வெல்கம்ல இந்த விலை இல்லியே" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருப்பார். அவர் முனகிக்கொண்டே குறைப்பார்.

கேள்வி: அதிபர் பதவியிலிருந்து ஏன் விலகினார்?

1985 மார்ச்சில் விலகினார். குடிப்பழக்கம் காரணம் என்று அரசு சொன்னது, பின்னாளில் அவர் மறுத்தார். 2005இல் கனடாவில் காலமானார். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அவர் தொகுதி எதிர்க்கட்சிக்குப் போனது எப்படி?

அன்சனில் 1979 இடைத்தேர்தலில் வென்றார், 1980இல் 84 விழுக்காடு வாங்கினார். மறு வருடம் அதிபரானதும் இடம் காலி. 31 அக்டோபர் 1981இல் பாட்டாளிக் கட்சியின் ஜெ.பி. ஜெயரத்னம் 653 வாக்கில் ஜெயித்தார். 1968க்குப் பிறகு பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்காத காலம் அது. அந்தத் தொகுதியின் பிளேர் பிளேனில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பைக் கொள்கலன் இடத்துக்காகக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வீடு போகிற கோபம் வாக்குச் சாவடிவரை வந்தது. நாயர் நின்றிருந்தால் அந்தக் குடியிருப்புக்கு நேரே போய் உட்கார்ந்து பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன். கட்சி நிறுத்திய புது வேட்பாளரோ வணிகத் துறையிலிருந்து வந்தவர்.