தண்ணீர் குடிக்காத பையன்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த நான்கு கேள்விகளுக்குப் பள்ளி ஆலோசகராகப் பதில் சொல்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளி விட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறான். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. தண்ணீர் குடி என்றால் கேட்பதில்லை. (அம்மா, திருப்பாதிரிப்புலியூர்)

பள்ளிக் கழிப்பறையைப் பற்றி அவனிடம் பேசிப் பாருங்கள் அம்மா. நடையோ பேச்சோ கொஞ்சம் மென்மையாக இருந்தால் போதும், வகுப்பில் ‘ஒம்போது’ என்று ஆரம்பிப்பார்கள். கதவைத் தள்ளுவது, கால்சட்டையை இழுப்பதெல்லாம் கழிப்பறையில்தான். வாத்தியார் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு பையன் காலை இட்லியோடு அரை டம்ளர் குடிப்பான், அப்புறம் சாயங்காலம்வரை ஒரு சொட்டு இல்லை. அதுவும் கடலூர் ஏப்ரல் வெயிலில்! பாட்டில் மட்டும் தினமும் நிறைந்தபடியே வீடு திரும்பும். “ஏன் குடிக்கலை?” என்று அதட்டாமல் “அங்கே யார் நிக்கிறாங்க?” என்று கேளுங்கள். இன்டர்வெல்லில் அல்லாமல் பாடவேளையில் போய்வர அனுமதி வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு அன்றைக்கே காற்றில் போய்விடும்.

பசங்க கிண்டல்தானே சார்? ஒருத்தனும் புகார் தரலையே. (உடற்கல்வி ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

தமிழ்நாட்டில் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரான 371 இளையோரிடம் யுனெஸ்கோ கேட்டபோது, கொடுமையைப் பள்ளியில் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். சொன்னால் “நீ ஏன் அப்படி நடக்கிற?” என்று நாம் திருப்பிக் கேட்போம் என்று அவனுக்குத் தெரியும். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நிற்பவனைக் கவனியுங்கள். தகாத முறையில் தொட்டிருந்தால் அதைக் கிண்டல் கணக்கில் சேர்க்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் பையன்களுக்கும் பொருந்தும். தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் வழக்கு உங்கள்மேலும் வரும்.

தம்பிக்கு 16 வயது. பையன்கள்மேல்தான் ஈர்ப்பு என்கிறான். ‘மாற்றிவிடும்’ டாக்டரிடம் கூட்டிப்போ என்கிறார் அப்பா. (அண்ணன், வில்லியனூர்)

கூட்டிப்போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்ற முயலும் சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை சொன்னது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. ஆனால் தம்பி தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் அந்த வேதனைக்காக ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416இல் இரவிலும் எடுப்பார்கள்.

ஆப்பில் பழகியவர் என் படத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார். போலீஸுக்குப் போனால் என்னைத்தானே பிடிப்பார்கள்? (மாணவன், 17, முத்தியால்பேட்டை)

இல்லை தம்பி, மிரட்டுகிறவர்தான் குற்றவாளி. பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பார். சாட் உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசு, சைபர் புகாருக்கு 1930. நேரிலும் சந்தித்து, உடலுறவு ஏதாவது நடந்திருந்தால் அரசு மருத்துவமனைக்கு உடனே போ. எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தனியாகப் போகாதே. சித்தியோ மாமாவோ, உன்னைத் திட்டாத பெரியவர் ஒருவரை இன்றைக்கே கூப்பிடு.