மகனுக்கு வர்சிட்டி, நமக்கு டிக்கெட் கவலை: டர்பன் பெற்றோரின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு விமான டிக்கெட் அலுவலகத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். வர்சிட்டியில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்க எத்தனையோ பிள்ளைகளை கேப் டவுனுக்கும் ஜோஹானஸ்பர்க்குக்கும் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். என் மகள் கிளம்பியபோது மட்டும் நன்றாகச் சொதப்பினேன். அந்தக் கதையும் கீழே வரும்.

அக்கா, மகனுக்கு கேப் டவுனில் இடம் கிடைத்த மாதிரிதான். இப்போதே டிக்கெட் போட்டால் மலிவு என்கிறார்கள். போடட்டுமா? (சாட்ஸ்வர்த்)

"கிடைத்த மாதிரி" என்றால் வேண்டாம் தம்பி. மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, ரிசல்ட் ஜனவரி நடுவில்தான் வரும். அதுவரை கையில் இருப்பது நிபந்தனையோடு கொடுத்த இடம். சிஏஓ என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக இங்கே நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் விண்ணப்பித்திருந்தால், ரிசல்ட் வந்த பிறகு மனம் மாறி இங்கேயே இருந்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

இடம் உறுதியானாலும் பொறுங்கள். ரெஸ், அதாவது மாணவர் விடுதி, கடிதம் தனியாக வரும். எந்தத் தேதியில் அறைச் சாவி கொடுப்பார்கள் என்று அதில் இருக்கும். டிக்கெட் அந்தத் தேதிக்குத்தான். நான் பதிவுத் தேதியைப் பார்த்துப் போட்டேன். ரெஸ் திறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. தாயும் மகளும் இரண்டு பெரிய பெட்டிகளோடு மூன்று இரவு விருந்தினர் விடுதியில் கிடந்தோம். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு போனது.

போக வர சேர்த்துப் போட்டால் லாபமா? (ஃபீனிக்ஸ்)

நம் உள்நாட்டு விமானங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி விலைதான், சேர்த்துப் போட்டால் தள்ளுபடி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் பிள்ளைக்கு ஒரு வழி போதும். வருடக் கடைசித் திரும்பு டிக்கெட்டை ஜனவரியிலேயே வாங்கி வைக்காதீர்கள். தேர்வு அட்டவணை மாறும், மறுதேர்வு வரும். ஆனால் டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டி விலை ஏறிவிடும். ஆகவே இறுதி அட்டவணை வந்த அன்றே உட்கார்ந்து போடுங்கள். தேர்வு முடிந்தவுடன் அறையைக் காலி செய்யச் சொல்லும் ரெஸ் உண்டு, அதையும் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. மாங்கோ விமான நிறுவனம் 2021-இல் பறப்பதை நிறுத்தியது. குலுலாவை நடத்திய காம்ஏர் 2022-இல் மூடியது. பல மாதம் முன்கூட்டிப் பணம் கட்டுவதென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விமானமே இல்லாமல் போனால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கும்.

சாமான் எவ்வளவு கொண்டு போகலாம்? மாமியார் ஊறுகாய், மசாலா, பிரஷர் குக்கர், கம்பளி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். (டோங்காட்)

மாமியாரை ஒன்றும் சொல்ல மாட்டேன், நானும் அதையேதான் செய்தேன். முதலில் டிக்கெட் வகையைப் பாருங்கள். ஃப்ளைசஃபேர் விமானத்தில் மிக மலிவான லைட் டிக்கெட்டுக்குக் கையில் 7 கிலோ மட்டும், பெட்டி கிடையாது. அடுத்த வகையில் 20 கிலோ பெட்டி சேர்ந்து வரும். ஏர்லிங்க் விமானத்தில் சாதாரண டிக்கெட்டிலேயே 20 கிலோ உண்டு. விலையை ஒப்பிடும்போது பெட்டியையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும். கூடுதல் பெட்டி வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே பணம் கட்டிவிடுங்கள், கவுண்டரில் கட்டினால் கை கடிக்கும்.

ஊறுகாய் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். மசாலா கனமில்லை, தாராளமாகப் போகட்டும், கேப் டவுனில் நம் டர்பன் காரத்துக்குப் பிள்ளை ஏங்கிப்போகும். குக்கரும் பெட்டிக்குள். பவர் பேங்க் மட்டும் பெட்டிக்குள் கூடவே கூடாது, கைப்பையில்தான். கம்பளியும் தலையணையும் வீட்டிலேயே இருக்கட்டும், போன இடத்தில் பெப் கடையில் வாங்கலாம். புத்தகம் மாதிரிக் கனமானதை, பார்சல் அனுப்பும் கடையான போஸ்ட்நெட்டிலிருந்து போஸ்ட்நெட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மகள் மக்காண்டாவில் ரோட்ஸ் வர்சிட்டி. எந்த விமான நிலையம்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கெபேகா. பழைய போர்ட் எலிசபெத்தான் அது, டிக்கெட்டில் இன்னமும் பிஎல்இசட் என்றே வரும், பயப்படாதீர்கள். அங்கிருந்து சாலையில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஆகவே இரவில் போய் இறங்கும் விமானம் வேண்டாம். வண்டியை முன்பே பேசி வையுங்கள்.

பிரிட்டோரியாவுக்கு? (அதே வீட்டுத் தம்பி)

ஜோஹானஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ விமான நிலையத்தில் இறங்கு. கௌட்ரெயின் ரயிலில் ஏறி மார்ல்பரோவில் மாறி ஹாட்ஃபீல்டு போ, வர்சிட்டி பக்கம்தான். மலிவு என்று லன்சேரியா விமான நிலையத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதே, அங்கே கௌட்ரெயின் கிடையாது.

டிக்கெட்டில் பிள்ளையை வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டேன். (ஐசிபிங்கோ)

இன்றே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெயர்தான் டிக்கெட்டில் இருக்க வேண்டும். "குட்டி" என்று டிக்கெட் போட்ட அப்பாவையும் பார்த்திருக்கிறேன்.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை. பயணம் தள்ளிப்போனால் பணம் திரும்புமா? (சாட்ஸ்வர்த்)

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 17: முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, நிறுவனம் நியாயமான கட்டணம் பிடித்துக்கொள்ளலாம். யாருக்காகப் பதிவு செய்தோமோ அவரே இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ அந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. பாட்டி விஷயத்தில் அது பொருந்தாது. மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது உங்களுக்கு நல்லது.

ஈஸ்டருக்கு மகள் வர வேண்டும், மாரியம்மன் கோயில் வேண்டுதல் இருக்கிறது. (ஐசிபிங்கோ)

அந்த வாரம் ஊரே டர்பனுக்கு வரும், கடற்கரைக்குப் பாதி, நம் கோயிலுக்குப் பாதி. வர்சிட்டி நாட்காட்டியில் விடுமுறையைப் பார்த்து பிப்ரவரியிலேயே போடுங்கள். புதன்கிழமை வந்துவிட முடிந்தால் வியாழன் மாலை விலையைத் தவிர்க்கலாம்.

நானும் கூடப் போகிறேன் என்றால் மகன் வேண்டாம் என்கிறான். (ஃபீனிக்ஸ்)

போங்கள் அண்ணா. அவனுக்குச் சாமான் கணக்கைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வான். போகும்போது பெட்டி சேர்ந்த டிக்கெட்டாக இரண்டு போடுங்கள், உங்கள் 20 கிலோவும் அவனுக்குத்தான். திரும்பும்போது உங்களுக்கு லைட் டிக்கெட் போதும்.