கூச்சத்துக்கு மருந்து தொண்டூழியம்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டான். தொண்டூழியத்துக்கு அனுப்பலாமா? படிப்பு கெடாதா?
– ஒரு தாய், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: தயங்காமல் அனுப்புங்கள் அம்மா. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடிகள் போகும். வழியில் தண்ணீர் கொடுக்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். களைத்து வரும் பாட்டியிடம் குவளையை நீட்டி, "மெதுவாகக் குடியுங்கள் பாட்டி" என்கிறார்கள். அடுத்த நொடியே, "காவடிக்கு வழிவிடுங்கள்" என்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்கள். வகுப்பில் எழாத குரல் அது! அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. வேலை காத்திருக்கிறது, பேசித்தான் ஆகவேண்டும். தேர்வு ஆண்டென்றால் மாதம் ஒரு ஞாயிறு போதும். எந்த வேலை என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் மட்டும் துணைக்குப் போய் நிற்காதீர்கள்.