பெங்களூரிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு ஹிட்டாச்சி

கேள்வி: நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊரில் தம்பிக்காகப் பெங்களூரில் ஒரு பழைய ஹிட்டாச்சி (மண் தோண்டும் இயந்திரம்) வாங்கியிருக்கிறோம், 20 டன் வண்டி. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக இரண்டு பேர் விலை சொன்னார்கள். ஒருவர் 15,000 ரூபாய் குறைவு, ஆனால் பாதிப் பணத்தை இன்றே அனுப்பச் சொல்கிறார். நம்பலாமா அண்ணே?
– ஒரு வாசகர், பூன் லே

பதில்: தம்பி, குறைத்துச் சொன்னவர் உங்களிடம் என்னென்ன கேட்டார்? என்ன மாடல், எவ்வளவு அகலம், பூமை, அதாவது தோண்டும் கையை மடக்கினால் எவ்வளவு உயரம், ஏற்றும் இடத்தில் டிரெய்லர் திரும்புமா? இதில் ஒன்றையும் கேட்காமல் விலை சொன்னார் என்றால் பெரும்பாலும் புரோக்கர்தான். பணம் கைக்கு வந்த பிறகுதான் லாரி தேடுவார். அகப்பட்டதை அனுப்புவார்.

துவாஸில் லோ பெட் (கனரக வண்டிகளை ஏற்றும் தாழ்தள டிரெய்லர்) யார்டில் 22 வருஷம் குப்பை கொட்டியவன் நான். இங்கே சுமையோடு உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் அனுமதி இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது. ஒருநாள் டிரைவர் சொன்ன உயரத்தை நம்பி, டேப் பிடிக்காமல் அனுப்பினேன். யார்டு வாசல் கம்பியிலேயே பூம் உரசி ஹைட்ராலிக் ஹோஸ் பிய்ந்தது. எண்ணெயைக் கழுவ அரை நாள் ஆனது, திட்டு வாங்கியது தனி. அதற்கப்புறம் ஏற்றி முடித்து நானே அளக்காமல் கேட்டைத் திறக்க விட்டதில்லை.

உங்கள் வண்டிக்கு உயரத்தைவிட அகலம்தான் தகராறு. 20 டன் வண்டிகள் பெரும்பாலும் 2.8 மீட்டர் அகலம். இந்தியாவில் லாரிக்கு 2.6 மீட்டர்தான் கணக்கு. ஆக, இது ஓடிசி சரக்கு, அதாவது அளவு மீறிய சரக்கு, தனி அனுமதி வேண்டும். அதைச் சொல்லாமல் மறைத்தால்தான் விலை குறையும். சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லிலும் இதே கதைதான். சாதாரணச் சரக்குக்கு ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், ஓடிசிக்கு 20 கிலோமீட்டர் என்று நாள் கொடுப்பார்கள். சாதாரணச் சரக்கு என்று போட்டால் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டருக்கு இரண்டே நாள். வழியில் டயர் வெடித்து நின்றால் பில் காலாவதி.

அப்புறம் இன்ஷூரன்ஸ். லாரியின் இன்ஷூரன்ஸ் மேலே இருக்கும் உங்கள் வண்டிக்கு உதவாது. பயணத்துக்கென்று தனிப் பாலிசி எடுங்கள், டிரான்ஸ்போர்ட்காரர் தரும் சரக்கு ரசீதில் வண்டியின் மதிப்பை எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி டிரான்ஸ்போர்ட்காரர் தரவேண்டிய நஷ்டஈடு சுருங்கிவிடும்.

ஏற்றும் அன்று உங்கள் தம்பி நேரில் நிற்கட்டும். டிராக்கில், அதாவது வண்டி ஊரும் சங்கிலிப் பட்டையில் சேறு இருந்தால் இரும்புத் தளத்தில் வழுக்கும், கழுவிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். பக்கெட் தளத்தில் படிந்திருக்கிறதா, நாலு மூலையிலும் சங்கிலி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம் வருகிறது. லாரிக்காரர்களே சாமி கும்பிட்டு இறங்கும் இடம். தளர்ந்த சங்கிலி அங்கேதான் வேலையைக் காட்டும். கிளம்பும்முன் ஹவர் மீட்டரையும் சேசிஸ் எண்ணையும் வீடியோ எடுத்து வைக்கட்டும்.

அட்வான்ஸ் கேட்பது தப்பில்லை, டீசலுக்குக் காசு வேண்டுமே. ஆனால் வண்டி ஏறிய பிறகு, கம்பெனிக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். இன்றிரவே கூடுதலாகக் கேட்டவருக்குப் போன் போட்டு, லாரி நம்பரையும் லோ பெட் தளத்தின் உயரத்தையும் கேளுங்கள். சட்டென்று சொன்னால் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.