மூலிகைச் சாயத் துணி போட்டால் குழந்தையின் கரப்பான் குறையுமா?

கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்கு மூலிகைச் சாயம் போட்ட பருத்தித் துணி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் மருந்து என்று நம்பி வாங்காதீர்கள். எந்த இலை, எந்தப் பட்டை என்று விசாரிக்கும் முன், நிறம் நிற்க என்ன சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

என் மகளுக்கு இரண்டு வயதில் முழங்கை மடிப்பில் ஆரம்பித்தது. இப்போது ஒன்பது வயது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் 'வேம்பு, மஞ்சள்' என்று எழுதியிருந்த பழுப்பு நிற கவுன் வாங்கினேன். இரண்டே நாளில் கழுத்தைச் சுற்றியும் இடுப்புப் பட்டை அழுத்துகிற இடத்திலும் சிவந்து நீர் கோத்துக்கொண்டது. தோல் மருத்துவர் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுப் போட்டு 48 மணி நேரம் கழித்துப் பார்த்தார். குரோமியம் ஒத்துக்கொள்ளவில்லை. சிமென்டில் வேலை செய்யும் கொத்தனார்கள் கையில் வருவதும் இதே ஒவ்வாமைதான் என்றார். விற்றவரிடம் கேட்டேன். நிறம் நிற்க, குரோமியம் உள்ள பொட்டாசியம் டைகுரோமேட்டில்தான் ஊறவைத்தோம் என்று மறைக்காமல் சொன்னார். அது தோலுக்கு ஆகாது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அவுரி போல ஒன்றிரண்டைத் தவிர, செடிச் சாயம் பருத்தியில் தானாக நிற்காது. அதற்கு ஓர் உலோக உப்பு வேண்டும். படிகாரம் போதும். அடர்ந்த நிறத்துக்கு அன்னபேதி (இரும்பு உப்பு), மயில்துத்தம் (செம்பு உப்பு), டைகுரோமேட் என்று போகிறார்கள். கரப்பான் தோலுக்கு நான் படிகாரத்தைத் தாண்டுவதில்லை.

வீட்டில் நான் செய்வது இதுதான். 100 கிராம் மல் துணியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்துக் கஞ்சியை எடுத்துவிடுவேன். 20 கிராம் கடுக்காய்ப் பொடிக் கரைசலில் ஓர் இரவு ஊறும். பிழிந்து காயவைத்து, 15 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம். பிறகு காய்ந்த மாதுளைத் தோல் காய்ச்சிய நீர். துணி வெளிர் மஞ்சளாகத் திரும்பும்போது வீடே துவர்ப்பாக மணக்கும். அலசிய நீர் தெளிகிற வரை அலசுவேன். மஞ்சள் கிழங்கு வெயிலில் வெளுத்துவிடும், அதனால் விட்டுவிட்டேன். செண்டுமல்லியும் வேண்டாம், அது தோல் ஒவ்வாமை தரும் பார்த்தீனியக் களையின் குடும்பம், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

கேரளத்தின் பாலராமபுரம் கைத்தறியில் மூலிகைக் கஷாயத்தில் தோய்த்த துணி நெய்கிறார்கள். உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 300 குழந்தைகளை வைத்து, சிறப்புப் பட்டு உடை உதவுமா என்று பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சையோடு அந்த உடையையும் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே களிம்பையும் மாய்ஸ்சரைசரையும் நிறுத்தாதீர்கள்.

சாயத் துணி கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். முதலில் பாலியெஸ்டரைத் தள்ளி வையுங்கள். அதற்குப் போடும் டிஸ்பர்ஸ் வகைச் செயற்கைச் சாயங்கள் அந்த இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்வதில்லை, வியர்வையில் தோலுக்கு இறங்கிவிடும்; டிஸ்பர்ஸ் நீலம் 106, 124 இரண்டும் இதில் பேர் போனவை. சாயமே போடாத பழைய வேட்டித் துணியில் தைத்த சட்டைதான் என் மகளுக்கு இன்றும் ராத்திரி உடை.

எதை வாங்கினாலும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒட்டவில்லையென்றால் இரண்டு முறை துவைத்து, முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் கழுத்தையும் அக்குளையும் பாருங்கள்.