மஞ்சளான கண்ணாடி ஏன் மங்கியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூரோப்பியம் என்ற அருமண் தனிமம் கலந்த கண்ணாடியில் வெள்ளியும் சேர்த்தால் சிவப்பு ஒளிர்வு கூடும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆய்வகத்தில் முதலில் அப்படித்தான் நடந்தது. ஆனால் அதையே உலையில் கூடுதல் நேரம் வைத்ததும் கண்ணாடி மஞ்சளாகி, ஒளிர்வு மங்கிவிட்டது. பிளாஸ்மான், அதாவது வெள்ளித் துகளின் எலக்ட்ரான்கள் ஒளி பட்டு ஒன்றாக ஊசலாடுவது, வலுத்தால் ஒளி கூடத்தானே வேண்டும்?

முதுகலை இயற்பியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் சோதனையில் பிழை இல்லை. ஒளிர்வைக் கூட்டியது பிளாஸ்மான்தான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டதுதான் சிக்கல்.

யூரோப்பியம் ஒளியை வாங்குவதில் மகா கஞ்சன். 4எஃப் எனப்படும் அதன் உள்ளடுக்கு எலக்ட்ரான்களின் தாவல்கள் சமச்சீர் விதியால் ஏறக்குறைய தடுக்கப்பட்டவை. 394, 464 நானோமீட்டர் போன்ற சில மெல்லிய கோடுகளில் மட்டும், அதுவும் சொற்பமாகவே, ஒளியை ஏற்கும். சில அணுக்களே சேர்ந்த வெள்ளிக் கொத்து அப்படியல்ல. மூலக்கூறு போலத் தனித்தனி ஆற்றல் மட்டங்கள் கொண்ட அது, புற ஊதாவை அகலமான பட்டையாக உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலிருக்கும் யூரோப்பியத்துக்குக் கைமாற்றுகிறது. நீங்கள் முதலில் கண்ட பிரகாசம் இதனால் வந்ததாகவே இருக்கும்.

உலையில் மேலும் வைத்தால் கொத்துகள் நானோ துகள்களாக வளர்ந்துவிடும். ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களில் 14ஆம் நூற்றாண்டு முதல் காணும் வெள்ளி மஞ்சளும் இத்தகைய துகள்களின் நிறம்தான். துகள் உலோகமாகிவிட்டால் தனி மட்டங்கள் மறைந்து, வாங்கிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். ஒட்டியிருக்கும் யூரோப்பியத்தின் ஆற்றலையும் அது பறித்துக்கொள்ளும். பிளாஸ்மானின் மின்புலம் ஒளிர்வைக் கூட்டுவதும் உண்டு. ஆனால் இடைவெளியும் அலைநீளமும் பொருந்தினால் மட்டுமே.

பிரேசிலைச் சேர்ந்த மால்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் இந்த ஒளிர்வுப் பெருக்கத்தை வெள்ளித் துகள்களின் மின்புலத்தால் விளக்கினார்கள். பெர்லினில் ஐக்கல்பாமும் ராடமானும் 2009இல், பிளாஸ்மானா ஆற்றல் கடத்தலா என்று நேராகவே கேட்டு, சிறு கொத்துகளின் கடத்தல் பக்கம் நின்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நீங்களே சோதிக்கலாம். யூரோப்பியத்துக்குக் குறிப்பிடத்தக்க கோடு இல்லாத 345 நானோமீட்டரில் தூண்டி, 612இல் வரும் சிவப்பை அளவிடுங்கள். வெள்ளி இல்லாத கண்ணாடி அங்கே ஏறக்குறைய இருண்டிருக்க வேண்டும். வெள்ளி உள்ளது ஒளிர வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். கொத்து உமிழ்ந்த ஒளியை யூரோப்பியம் வெறுமனே விழுங்கியிருக்கவும் கூடும். அப்படியானால் கொத்தின் நிறமாலையில் 464இல் ஒரு பள்ளம் விழும். கொத்தின் ஒளிர்வு தணியும் நேரம் மாறாது. நேரடிக் கடத்தல் என்றால், யூரோப்பியம் சேர்த்ததும் அந்த நேரம் குறையும். பல கட்டுரைகள் இந்த அளவீட்டைச் செய்யாமலே கடத்தல் என்று முடிவு கட்டிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மங்கிய துண்டை எறிந்துவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டும்.